& குறிக்குப் பின்னால் வந்ததெல்லாம் எங்கே போனது? (கணினி கேள்வி - பதில்)

கொழிஞ்சாம்பாறை, கம்பம், களியக்காவிளை, நகரி, செங்கோட்டை என்று எல்லையோர ஊர்களிலிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள். ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருந்தாலும் எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் நாம் ஒன்றை அனுப்புகிறோம், அந்தப் பக்கம் வேறொன்று போய்ச் சேர்கிறது. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரு விஷயம்: இங்கே எல்லாமே தமிழ் எழுத்தில் அச்சாவதால் குறியீடுகளில் வரும் ஆங்கில எழுத்துகளை ஏ, பி, ஈ, எஃப் என்று உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தாக அடித்துக்கொள்ளுங்கள்.

பாலக்காடு சுற்றுவட்டாரக் கடைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் தேடுகிற மாதிரி ஒரு சின்ன வெப்சைட் செய்திருக்கிறேன் சார். 'சிப்ஸ் & அல்வா' என்று தேடினால் சர்வருக்கு 'சிப்ஸ்' மட்டும்தான் கிடைக்கிறது. கூடவே அனுப்பும் ஊர்ப் பெயர் சரியாகப் போகிறது. நடுவில் அல்வா எங்கே போனது?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

அல்வாவும் சர்வருக்குப் போயிருக்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கோட் தயாரிக்கும் முகவரி அநேகமாக இப்படி இருக்கும்:

தேடு?பெயர்=சிப்ஸ் & அல்வா&ஊர்=வாளையார்

முதல் & கடைப் பெயரில் உள்ளது, இரண்டாவது & பெயரையும் ஊரையும் பிரிக்க நீங்கள் போட்டது என்று நமக்குப் பார்த்த உடனே தெரியும். சர்வருக்குத் தெரிய வழியே இல்லை. அது கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை எடுத்து, & வருகிற இடமெல்லாம் வெட்டும், வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் முதல் = குறிக்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் சர்வருக்குக் கிடைத்தவை மூன்று பாராமீட்டர்கள்: 'சிப்ஸ்' என்ற மதிப்போடு பெயர், மதிப்பே இல்லாமல் 'அல்வா' என்ற பெயரில் ஒன்று, அப்புறம் ஊர். வந்த பாராமீட்டர்கள் அத்தனையையும் ஒருமுறை லாகில் அச்சிட்டுப் பாருங்கள், அல்வா தனியாக நிற்பது தெரியும்.

சரி, இதற்கு என்ன வழி? கடைப் பெயருக்குள் இருக்கும் & குறியை அதன் சங்கேதமான %26 ஆக மாற்றி அனுப்ப வேண்டும். இடைவெளி %20 ஆகும். இப்போது முகவரி இப்படி (தமிழ் எழுத்துகளும் மாறும், படிக்க வசதியாக அப்படியே விட்டிருக்கிறேன்):

தேடு?பெயர்=சிப்ஸ்%20%26%20அல்வா&ஊர்=வாளையார்

சர்வர் முதலில் & வைத்து வெட்டும், அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இருக்கும் % சங்கேதங்களைப் பிரிக்கும். இந்த வரிசைதான் விஷயமே. வெட்டும்போது கடைப் பெயருக்குள் & இல்லை, வெட்டி முடித்த பிறகுதான் அது மீண்டும் & ஆகிறது.

எதை மாற்ற வேண்டும், எதை விடலாம் என்பதற்கு எழுதிவைத்த விதி இருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் எழுதி 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986. அதன்படி எங்கும் அப்படியே விடக்கூடியவை ஆங்கில எழுத்துகள், எண்கள், அப்புறம் நான்கே நான்கு குறிகள்: - . _ ~ . மற்ற எல்லாவற்றையும், அது மதிப்புக்குள் வந்தால், என்கோட் செய்துவிடுவதே, அதாவது இப்படி % சங்கேதமாக மாற்றிவிடுவதே பாதுகாப்பு. # இன்னும் மோசமானது. 'வார்டு #7' என்று யாராவது தேடினால் # தொடங்கி அதற்குப் பின்னால் உள்ளது பிரவுசரைத் தாண்டி வெளியே போவதே இல்லை, ஏனென்றால் அந்தப் பகுதி பக்கத்துக்குள் ஓர் இடத்தைக் குறிப்பதற்கு என்று வைத்திருக்கிறார்கள். சர்வர் லாகில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதையும் %23 ஆக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். என்கோட்யூஆர்ஐ, என்கோட்யூஆர்ஐகாம்போனென்ட் என்று இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. முதலாவது & = + ? / # எதையும் தொடாது, ஏனென்றால் அது ஏற்கெனவே கட்டி முடித்த முழு முகவரிக்கானது. உங்களைப் போலச் சிக்கியவர்கள் பலர் முகவரி முழுவதையும் ஒட்டி முடித்த பிறகு கடைசியில் என்கோட்யூஆர்ஐ போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எந்த & யாருடையது என்று எந்த ஃபங்ஷனாலும் சொல்ல முடியாது. ஒட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாக, இரண்டாவது ஃபங்ஷனால் என்கோட் செய்ய வேண்டும். அதைவிட நல்லது, ஒட்டும் வேலையையே உங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் என்ற பொருளிடம் பெயரையும் மதிப்பையும் கொடுத்துவிடுவது. பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்குப் பாராம்ஸ் என்று ஒரு டிக்ஷனரியைக் கொடுங்கள். பிஎச்பி என்றால் எச்டிடிபி-பில்ட்-க்யூரி. பிளஸ் போட்டு வார்த்தைகளை ஒட்டி முகவரி தயாரிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

நான் தமிழ் ஆசிரியை. தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து லிங்க்கை எடுத்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீளத்துக்கு வருகிறது. இது வைரஸா என்று பெற்றோர் கேட்கிறார்கள். திறந்தால் பக்கம் சரியாகத்தான் வருகிறது.
- வாசகி, கம்பம்

வைரஸ் இல்லை, பெற்றோரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அது உங்கள் ஊர்ப் பெயரேதான்.

முந்தைய பதிலில் சொன்ன பட்டியலில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை, ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். அதனால் தமிழை முதலில் யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக மாற்றி, ஒவ்வொரு பைட்டையும் ஒரு % குறியும் இரண்டு இலக்கமுமாக (பதினாறின் அடிப்படை, ஆகவே ஏ முதல் எஃப் வரையும் இலக்கம்தான்) எழுதுகிறார்கள். 'க' என்ற ஓர் எழுத்து மூன்று பைட், எழுதினால் %ஈ0%ஏஈ%95, அதாவது ஒன்பது எழுத்து இடம். புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் யூனிகோடில் தனித்தனி எண் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இதே ஒன்பது. கம்பம் என்பது க, ம, புள்ளி, ப, ம, புள்ளி என்று ஆறு. ஆகவே நான்கெழுத்து ஊர்ப் பெயர் 54 எழுத்தாக நீள்கிறது. மலை ஏறினால் வரும் குமளிக்கு 45. முகவரிப் பட்டியில் பிரவுசர் நமக்காக இதைத் தமிழாக்கிக் காட்டுகிறது, காப்பி செய்யும்போது உண்மையான வடிவத்தைக் கொடுக்கிறது.

நம் பக்கத்தில் மூன்று மொழி லிங்க்குகளும் கலந்து வருவதால் இதையும் சொல்லிவைக்கிறேன். தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றுக்கும் முதல் பைட் ஈ0தான். இரண்டாவதைப் பாருங்கள்: ஏஈ அல்லது ஏஎஃப் என்றால் தமிழ், பி4 அல்லது பி5 என்றால் மலையாளம், பி0 அல்லது பி1 என்றால் தெலுங்கு. இது பழகிவிட்டால் சர்வர் லாகைப் பார்த்தே எந்த மொழியில் தேடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

நீளத்துக்கு ஒரு வரம்பும் இருக்கிறது. விதிப் புத்தகம் உச்ச நீளம் எதையும் விதிக்கவில்லை, 2022ல் வந்த ஆர்எஃப்சி 9110 குறைந்தது 8,000 பைட் வரை தாங்கும்படி செய்யுங்கள் என்று பரிந்துரைக்கிறது. அப்பாச்சி சர்வரில் கோரிக்கை வரிக்கு வைத்திருக்கும் வழக்கமான எல்லை 8,190 பைட். ஆங்கிலத்துக்கு அது தாராளம். ஒன்றுக்கு ஒன்பது என்று தின்னும் தமிழுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தோடு முடிந்துவிடும், புள்ளியும் கொம்பும் சேர்த்துத்தான். அதைத் தாண்டினால் சர்வர் 414 என்ற பிழையைத் திருப்பி அனுப்பும். மாணவர்களின் கட்டுரையை எல்லாம் லிங்க்கில் வைத்து அனுப்பாமல் போஸ்ட் முறையில், அதாவது முகவரிக்கு வெளியே கோரிக்கையின் உடலில் வைத்து, அனுப்பச் சொல்வது இதனால்தான். இன்னொன்று, நீண்ட லிங்க் எங்காவது நடுவில் வெட்டுப்பட்டு மூன்று பைட்டில் இரண்டு மட்டும் போய்ச் சேர்ந்தால் எழுத்துக்குப் பதில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி தெரியும். உங்கள் குழுவுக்கு விக்கிமீடியாவே தரும் சுருக்க முகவரியைப் பயன்படுத்துங்கள், யாரும் பயப்பட மாட்டார்கள்.

எங்கள் கடையில் வெளிநாட்டு எண்களுக்கு ரீசார்ஜ் செய்கிறோம். துபாய், மஸ்கட்டில் இருக்கிற அண்ணன், மாமா எண்களைத்தான் ஆட்கள் அதிகம் கொண்டு வருவார்கள். +971 என்று தொடங்கும் எண்ணை அனுப்பினால் சர்வருக்குப் பிளஸ் இல்லாமல், முன்னால் ஒரு இடைவெளியோடு போய் 'தவறான எண்' என்கிறது. கம்ப்யூட்டர் படித்த தம்பி ஒருவன் '%20க்கும் பிளஸ்ஸுக்கும் உள்ள பிரச்சினை' என்றான், புரியவில்லை.
- வாசகர், களியக்காவிளை

தம்பி சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். இதில் குழப்பம் வருவதற்குக் காரணம், இடைவெளியை எழுத இரண்டு மரபுகள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருப்பது. முகவரிக்கான பொது விதியில் இடைவெளி என்றால் %20 மட்டும்தான், பிளஸ் என்றால் பிளஸ்தான். ஆனால் வெப் பக்கத்தில் இருக்கும் படிவங்களை அனுப்புவதற்கு என்று தனியாக ஒரு வடிவம் வந்தது. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 விதியிலேயே அது இருக்கிறது, அதில் இடைவெளியை + ஆக எழுது என்று சொல்லியிருக்கிறார்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை ஏறக்குறைய எல்லா சர்வர்களும் இந்தப் படிவ வடிவத்தில்தான் படிக்கின்றன. நீங்கள் வெறும் + அனுப்பினால் அது இடைவெளி என்று எடுத்துக்கொள்வது சர்வரின் தவறு இல்லை. பிளஸ் பிளஸ்ஸாகவே போக வேண்டுமென்றால் %2பி என்று அனுப்ப வேண்டும். எண் %2பி971 என்று தொடங்கட்டும், ரீசார்ஜ் ஆகிவிடும்.

தொலைபேசி எண்ணிலாவது தவறு உடனே தெரிந்துவிடுகிறது. நேரத்தில் வந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நம் நாட்டு நேரத்தைக் கம்ப்யூட்டர்கள் +05:30 என்ற வாலோடு எழுதும், அந்தப் பிளஸ்ஸும் இடைவெளியாக மாறும். சில நிரல்கள் பிழை சொல்லி நின்றுவிடும், அது நல்லது. சில, வாலைப் புறக்கணித்துவிட்டு ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போன ஒரு நேரத்தைச் சத்தமில்லாமல் பதிந்துவிடும். பேஸ்64 முறையில் வரும் டோக்கன்களிலும் + உண்டு, சில பேருக்கு லாகின் ஆகிறது சில பேருக்கு ஆகவில்லை என்று புகார் வந்தால் முதலில் அந்த டோக்கனில் பிளஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் தம்பிக்காக இன்னும் கொஞ்சம். பிஎச்பியில் யூஆர்எல்என்கோட் இடைவெளியை + ஆக்கும், ராயூஆர்எல்என்கோட் %20 ஆக்கும். ஜாவாவின் யூஆர்எல்என்கோடர், பெயர் எப்படி இருந்தாலும், படிவ வடிவத்தில்தான் எழுதுகிறது. பைத்தானில் குவோட் என்பது %20, குவோட்-பிளஸ் என்பது +. குவோட் கூடவே / குறியை மாற்றாமல் விட்டுவிடும், நீங்கள் சொன்னால்தான் மாற்றும். ஜாவாஸ்கிரிப்டில் யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் + எழுதுகிறது, ஆனால் டிகோட்யூஆர்ஐகாம்போனென்ட் பிளஸ்ஸைத் திருப்பி இடைவெளி ஆக்காது, ஆகவே ஒன்றில் எழுதி மற்றொன்றில் படித்தால் பெயருக்கு நடுவில் பிளஸ் நிற்கும். எனக்குப் பிடித்தது எப்போதும் %20 எழுதுவதுதான். இரண்டு மரபுகளிலுமே அதற்கு ஒரே பொருள்.

அப்ரென்டிஸாகச் சேர்ந்திருக்கிறேன். புத்தூர் ரோடு என்ற பெயரை அனுப்பினால் மறுபக்கம் நடுவில் %20 என்று எழுத்தாகவே பதிவாகிறது. லாகில் %2520 என்று பார்த்தேன். இது என்ன சங்கேதம்?
- வாசகர், நகரி

அது இரண்டு முறை என்கோட் ஆனதன் அடையாளம். இடைவெளி முதல் முறை %20 ஆனது. இரண்டாவது முறை அதில் உள்ள % குறியே %25 ஆனது, பின்னால் 20 ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாகில் %25 கண்ணில் பட்டு அதன் பின்னால் இரண்டு இலக்கம் வந்தால் சந்தேகமே வேண்டாம். அநேகமாக நீங்கள் கையால் ஒருமுறை என்கோட் செய்து, அதைப் பாராமீட்டராகக் கொடுத்த நூலகம் தன் கடமையாக இன்னொரு முறை செய்திருக்கிறது. உங்களுடையதை எடுத்துவிடுங்கள்.

வேறு ஒரு வழி உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள்: மறுபக்கத்தில் இரண்டு முறை டிகோட் செய்துவிடு, அதாவது சங்கேதத்தைப் பிரித்துவிடு என்று. அதை மட்டும் செய்யாதீர்கள். உண்மையாகவே '100%25' என்று எழுதியிருந்த மதிப்பு கெட்டுப்போவது ஒருபுறம், அது பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே வர ஒரு கதவையும் திறந்துவிடும். 2001ல் மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் சர்வரில் இருந்தது இதே குறைதான். முதல் முறை டிகோட் செய்து ஆபத்தான பாதை இல்லை என்று சோதித்த பிறகு, தேவையில்லாமல் இன்னொரு முறை டிகோட் செய்தது, அப்போது அந்தப் பாதை வெளியே வந்தது. அதே வருடம் செப்டம்பரில் உலகம் முழுக்கப் பரவிய நிம்டா என்ற புழு புகுந்த வழிகளில் இதுவும் ஒன்று. பிஎச்பியில் கெட் மாறியில் உங்களுக்குக் கிடைப்பது ஏற்கெனவே டிகோட் ஆனதுதான், அதன்மேல் யூஆர்எல்டிகோட் போட வேண்டியதே இல்லை.

ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு பார்க்கிறேன். புத்தடி, போடி ஏல விலையைத் தினமும் விவசாயிகளுக்கு வாட்ஸ்அப்பில் சொல்வோம். எக்செலில் இருந்தே ஒவ்வொருவருக்கும் லிங்க் தயாரிக்க முடியுமா? யுபிஐ பணம் செலுத்தும் லிங்க்கும் வேண்டும்.
- வாசகர், குமளி

முடியும். எக்செல் 2013 முதல் விண்டோஸ் பதிப்பில் என்கோட்யூஆர்எல் என்ற ஃபார்முலா இருக்கிறது, கூகுள் ஷீட்ஸிலும் அதே பெயரில் உண்டு. மேக் எக்செலில் வேலை செய்யாது. செய்தி இருக்கும் கட்டத்தை அதற்குள் கொடுத்து, வருவதை வாட்ஸ்அப்பின் சுருக்க முகவரியில் எண்ணுக்குப் பின்னால் டெக்ஸ்ட் என்ற பாராமீட்டரில் ஒட்டுங்கள். எண்ணை 91ல் தொடங்கி எழுதுங்கள், அங்கே பிளஸ்ஸும் முன்னால் பூஜ்யமும் கூடாது. கட்டத்துக்குள் வரி மாற்றினால் %0ஏ என்று மாறி, செய்தியிலும் அடுத்த வரிக்குப் போகும், ஆகவே ரகத்துக்கு ஒரு வரியாக விலை போடலாம்.

யுபிஐ லிங்க்கில் கொஞ்சம் கவனம். அதில் பிஏ என்பது பெறுபவரின் யுபிஐ முகவரி, பிஎன் பெயர், ஏஎம் தொகை, டிஎன் குறிப்பு. குறிப்பில் 'ஏலக்காய் & மிளகு' என்று அப்படியே எழுதினால் ஏலக்காயோடு நின்றுவிடும். அதைவிடப் பெரிய விஷயம், குறிப்பை எழுதுவது நீங்களாக இல்லாமல் வேறு யாராகவோ இருந்தால், அவர் குறிப்புக்குள் '&ஏஎம்=1' என்று அடிக்கலாம். என்கோட் செய்யாமல் ஒட்டினால் லிங்க்கில் தொகை இரண்டு இடத்தில் இருக்கும், எதை எடுத்துக்கொள்வது என்பது பணம் அனுப்பும் ஆப்பைப் பொறுத்தது. ஆகவே வெளியாள் அடிக்கிற எதுவும் ஃபார்முலா வழியாகப் போகாமல் லிங்க்கில் ஏறக் கூடாது.

பாஸ்வேர்டை லிங்க்கில் அனுப்பும்போது என்கோட் செய்துவிட்டால் யாரும் படிக்க முடியாதுதானே?
- வாசகர், மூணாறு

யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இது ரகசியமாக்கும் முறை இல்லை, இதில் சாவி எதுவும் கிடையாது. எச்டிடிபிஎஸ் வழியாகப் போனால் வழியில் யாரும் பார்க்க முடியாது என்பது உண்மை, ஆனால் பிரவுசர் ஹிஸ்டரியிலும் சர்வர் லாகிலும் முகவரி முழுசாகப் பதிவாகும். பாஸ்வேர்டு, ஓடிபி, ஆதார் எண் எதையும் கேள்விக்குறிக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

பழைய வெப்சைட் ஒன்றைப் பராமரிக்கிறேன். அதில் தமிழில் பெயர் அடித்தால் டேட்டாபேஸில் &#2965; என்று எண்களாக விழுகிறது.
- வாசகர், சித்தூர்

2965 என்பது 'க'வின் யூனிகோடு எண்ணைப் பத்தின் அடிப்படையில் எழுதியது. உங்கள் பக்கம் தன்னை யூடிஎஃப்-8 என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறிமுறையில் இருக்கிறது. அதில் தமிழுக்கு இடமில்லாததால் பிரவுசர் இப்படி எழுதி, அதை என்கோட் செய்து அனுப்புகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் குறிமுறையை யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள், சர்வர் அனுப்பும் ஹெடரிலும் மாற்றுங்கள். ஏற்கெனவே விழுந்தவற்றை எண்ணைப் பார்த்து எழுத்தாக்கிவிடலாம், தகவல் எதுவும் தொலையவில்லை.

தமிழிலேயே வெப்சைட் பெயர் வாங்கலாமா? அதுவும் சதவீதமாக மாறுமா?
- வாசகர், திருத்தணி

வாங்கலாம், .இந்தியா என்ற முடிவே இருக்கிறது, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் தமிழில் உண்டு. தளத்தின் பெயர் மட்டும் சதவீதமாக மாறாது, ப்யூனிகோடு என்ற வேறு முறையில் எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு கோடுகளோடு மாறும். அதன் பின்னால் வரும் பாதையும் கேள்விக்குறிப் பகுதியும்தான் சதவீதம்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழி போகும் பஸ் நேரங்களைத் தொகுத்து ஒரு பக்கம் வைத்திருக்கிறேன் சார். 'செங்கோட்டை' என்று தேடினால் சிலருக்கு வருகிறது, சிலருக்கு 'எதுவும் இல்லை' என்கிறது. என்கோடிங் எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். இரண்டு பேர் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
- வாசகர், செங்கோட்டை

இந்த முறை வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, என்கோட் ஆன வடிவத்தை வைத்துப் பாருங்கள், தெரியும். ஒருவருடைய செங்கோட்டை 90 எழுத்து நீளம் இருக்கும், மற்றவருடையது 99.

அந்த ஒன்பது எங்கிருந்து வருகிறது என்றால் 'கோ'வில் இருந்து. க மீது ஏறும் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதினால் %ஈ0%ஏஎஃப்%8பி. இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக எழுதினால் %ஈ0%ஏஎஃப்%87, அதன்பின் %ஈ0%ஏஈ%பிஈ. திரையில் இரண்டுமே ஒரே 'கோ'. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது, ஆனால் உங்கள் டேட்டாபேஸ் பைட்டை பைட்டோடு ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு ஊர்கள். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதைதான், ஆகவே கோட்டை, கொல்லம், கோட்டயம் என்று உங்கள் பாதையில் உள்ள பெயர்களில் நிறையவே மாட்டும், புனலூரும் தென்மலையும் மாட்டாது. சரியாக இந்தப் பெயர்களில் மட்டும் தவறு வருகிறதா என்று பாருங்கள், வந்தால் காரணம் இதுதான்.

பிரித்து எழுதிய வடிவம் எங்கிருந்து வரும்? மேக் கம்ப்யூட்டர்களின் பழைய ஃபைல் முறை கோப்புப் பெயர்களைப் பிரித்துத்தான் சேமித்தது, அங்கிருந்து காப்பி செய்த பெயர்களில் வரலாம். பழைய எழுத்துருக்களில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிகள் வழியாகவும் வரலாம். எங்கிருந்து வந்தாலும் தீர்வு ஒன்றுதான்: என்கோட் செய்வதற்கு முன்னால் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சிக்கு, மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு, பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் இருக்கிறது. அனுப்புகிறவர்கள் எல்லாரையும் நாம் கட்டுப்படுத்த முடியாது என்பதால் சர்வரில் டிகோட் ஆன பிறகும் ஒருமுறை செய்யுங்கள், டேட்டாபேஸில் ஏற்கெனவே இருப்பதையும் மாற்றிவிடுங்கள். கூடவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறி வந்திருந்தால் நீக்கிவிடுங்கள், லாகில் அது %ஈ2%80%8சி என்று தெரியும். மலையாளப் பக்கங்களில் எழுத்து வடிவத்துக்காக அதை வேண்டுமென்றே போடுவார்கள், ஆகவே தமிழ்ப் பெயர்களில் மட்டும் நீக்குங்கள்.

ஒன்று மட்டும் இந்த வழியில் சரியாகாது, 'ஸ்ரீ'. இதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005ல் யூனிகோடு 4.1ல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரிதான் தெரியும். நீளமும் ஒன்றே. முதல் எழுத்தின் மூன்றாவது பைட் மட்டும் ஒன்றில் பி8, மற்றொன்றில் பி6. என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது, ஏனென்றால் யூனிகோடு கணக்கில் அவை வெவ்வேறு எழுத்துகள். ஸ்ரீகாளஹஸ்தி, ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற பெயர்களை நாளைக்கு உங்கள் பக்கத்தில் சேர்த்தால், ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீயை ஸகர ஸ்ரீயாக மாற்றும் ஒரு வரியை நார்மலைஸ் அழைப்புக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தேடும் சொல்லுக்கும் செய்ய வேண்டும், சேமித்த பெயருக்கும் செய்ய வேண்டும்.